இன்ஸ்பெக்டருக்குள் ஒரு கவுன்ட்டவுன்

கேம் எஞ்சினான யூனிட்டியில் கஸ்டம் இன்ஸ்பெக்டர் (தேர்ந்தெடுத்த பொருளின் மதிப்புகளைக் காட்டும் பேனலை நம் விருப்பப்படி அமைப்பது) எழுதி, அதில் ஒரு டைமரின் மீதி நேரத்தைக் காட்ட முயன்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கப்பட்டதாக இருக்கும். பிளே அழுத்தியாயிற்று. கேம் ஓடுகிறது. இன்ஸ்பெக்டரில் மட்டும் 2:47 என்று ஓர் எண் அசையாமல் நிற்கிறது. மவுஸை அந்தப் பக்கம் கொண்டுபோனால் சட்டென்று 2:31 ஆகிறது, அப்புறம் 2:30, 2:29. மவுஸை விலக்கினால் மறுபடியும் நின்றுவிடுகிறது. டைமரில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் தோன்றும். டைமர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமை உருவாக்கப் பயன்படும் மென்பொருளான எடிட்டர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கேம் எஞ்சின்களில் டைமர் காட்டுவது மிகச் சின்ன வேலை என்று பெயர் பெற்றது. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாள் கொடுக்கும் வேலை. ஆனால் நேரத்தை வைத்திருப்பதும் நேரத்தைக் காட்டுவதும் இரண்டு தனி வேலைகள். இந்த இரண்டும் ஒரே ஃபங்ஷனுக்குள் கலந்துவிட்டால், எடிட்டர் அந்தக் கலப்படத்தை உடனே வெளியே போட்டுக் காட்டிவிடும். கேமுக்குள் பல மாதம் ஒளிந்திருக்கக்கூடிய பிழை எடிட்டரில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனாலேயே எடிட்டர் டைமர்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

முதலில் அந்த உறைந்த எண்ணைப் பார்ப்போம். ஓடும் கேம் ஒவ்வொரு ஃபிரேமிலும் திரையை முழுவதுமாக வரைகிறது. நொடிக்கு 60 முறை என்றால் 60 முறையும். எடிட்டர் அப்படிச் செய்வதில்லை. நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் மென்பொருள் அது. யாரும் எதையும் தொடாதபோது ஒவ்வொரு பேனலையும் வரைந்துகொண்டே இருந்தால் லேப்டாப்பின் விசிறி சத்தம் போடுவதுதான் மிச்சம். ஆகவே ஏதாவது நடந்தால் மட்டும் வரைகிறது: மவுஸ் நகர்ந்தது, கீ அழுத்தப்பட்டது, சீரியலைஸ் ஆகும் (அதாவது சேமிக்கப்படும்) மதிப்பு ஒன்று மாறியது. டைமரின் மீதி நேரம் வெளியே தெரியாத ஒரு ப்ரைவேட் மாறிக்குள் இருந்தால், அது மாறியது எடிட்டருக்குத் தெரிய வழியே இல்லை.

தீர்வு எளிது. கஸ்டம் எடிட்டரில் ‘ரிக்வயர்ஸ் கான்ஸ்டன்ட் ரீபெயின்ட்’ என்ற ஃபங்ஷனை ஓவர்ரைடு செய்து (நம் வடிவத்தை அதன் இடத்தில் எழுதி), ‘ஆம்’ என்று பதில் சொல்ல வைத்தால் போதும். எடிட்டர் விடாமல் வரைய ஆரம்பிக்கும். டைமர் ஓடும்போது மட்டும் ஆம், நின்றிருக்கும்போது இல்லை என்று எழுதுவது இன்னும் நாகரிகம். தனி எடிட்டர் விண்டோவாக இருந்தால், நொடிக்கு 10 முறை தானாக அழைக்கப்படும் ‘ஆன் இன்ஸ்பெக்டர் அப்டேட்’ இருக்கிறது. அதற்குள் ஒரு ரீபெயின்ட் (மறுபடி வரை என்ற கட்டளை) போட்டால் முடிந்தது. யூனிட்டியின் புதிய இடைமுக முறையான யுஐ டூல்கிட்டில் எழுதுகிறவர்கள் லேபிளின் ஷெட்யூலில் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை என்று ஒரு வேலையைப் பதிந்துவிடலாம்.

எண் மாறுவதே நொடிக்கு ஒருமுறைதான், பிறகு எதற்கு 10 முறை என்று கேட்கலாம். நொடிக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்தால், நாம் பார்க்கும் தருணமும் எண் மாறும் தருணமும் ஒன்றுக்கொன்று மெல்ல விலகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் 2:15க்குப் பிறகு 2:13 வரும், 2:14ஐ யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொரு கட்டத்தில் 2:09 இரண்டு நொடி நிற்கும். நொடிக்கு 10 முறை பார்த்தால் அதிகபட்சத் தாமதம் பத்தில் ஒரு நொடி. கண்ணுக்கு அது போதும்.

இனி அசல் கலப்படத்துக்கு வருவோம். யூனிட்டியின் பழைய எடிட்டர் இடைமுகம் இமீடியட் மோட் வகையைச் சேர்ந்தது. இந்தப் பெயரையும் கருத்தையும் 2005இல் ஒரு வீடியோவில் விளக்கிப் பரவலாக்கியவர் கேஸி முராடோரி. பட்டன், லேபிள் என்று எந்தப் பொருளும் நினைவகத்தில் நிலையாக உட்கார்ந்திருக்காது. ஒவ்வொரு முறையும் உங்கள் ஃபங்ஷன் தொடக்கத்திலிருந்து ஓடி, ‘இங்கே ஒரு லேபிள், இங்கே ஒரு பட்டன்’ என்று சொல்லிக்கொண்டே போகும். படிக்கவும் எழுதவும் சுகமான முறை. ஆனால் யூனிட்டி அந்த ஃபங்ஷனை ஒரு வரைதலுக்கு ஒருமுறை மட்டும் அழைப்பதில்லை. எது எவ்வளவு இடம் எடுக்கும் என்று கணக்கிட லேஅவுட் நிகழ்வுக்கு ஒருமுறை, நிஜமாக வரைய ரீபெயின்ட் நிகழ்வுக்கு ஒருமுறை, நடுவில் மவுஸோ கீபோர்டோ ஏதாவது செய்தால் அதற்கும் சேர்த்து.

இப்போது அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே ‘மீதி நேரத்திலிருந்து டெல்டா டைமைக் (போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தை) கழி’ என்று எழுதினால் என்ன ஆகும்? ஒரே ஃபிரேமில் இரண்டு முறை கழியும். மவுஸை ஆட்டினால் இன்னும் வேகமாகக் கழியும். மூன்று நிமிட டைமர் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோகும். காட்டும் இடத்தில் கணக்கை வைத்தால் இதுதான் கதி. வரைகிற ஃபங்ஷன் ‘இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?’ என்று கேட்க மட்டும் வேண்டும். அந்தக் கேள்வியை நூறு முறை கேட்டாலும் பதில் கெடக்கூடாது.

இதே இரட்டை அழைப்பில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நேரம் முடிந்ததும் ‘மறுபடி தொடங்கு’ என்று ஒரு பட்டன் தோன்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லேஅவுட் நிகழ்வின்போது மீதி 0.002 நொடி, பட்டன் இல்லை. ரீபெயின்ட் நிகழ்வு வருவதற்குள் பூஜ்யம் ஆகிவிட்டது, பட்டன் இருக்கிறது. இடம் ஒதுக்காத பட்டன் திடீரென்று வந்து நிற்பதைக் கண்டு யூனிட்டி சிவப்பு எழுத்தில் கத்தும். இது எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி கொட்டிவிடும். லேஅவுட் நிகழ்வில் மட்டும் மீதி நேரத்தைக் கேட்டு ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அடுத்த லேஅவுட் வரும்வரை அதையே பயன்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது.

சரி, கணக்கு வேறெங்கோ இருக்கட்டும். அதை எப்படி வைப்பது? பெரும்பாலான பாடங்கள் மீதி நேரம் என்று ஒரு மாறியை வைத்து ஒவ்வொரு ஃபிரேமிலும் குறைக்கச் சொல்லும். தவறில்லை. எனக்குப் பிடித்தது முடியும் தருணத்தை வைத்துக்கொள்வது. தொடங்கும்போது ‘இப்போது + 180 நொடி’ என்று ஒரு முறை எழுதிவிட்டால், பிறகு கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் மீதி கிடைக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் யாரும் எதையும் குறைக்க வேண்டியதில்லை. எடிட்டரில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. ஸ்கிரிப்டைத் திருத்திச் சேமித்ததும் யூனிட்டி எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்து ஏற்றும். அப்போது ஸ்டாட்டிக் மாறிகள் (எந்தப் பொருளோடும் ஒட்டாமல் பொதுவாக இருப்பவை) துடைக்கப்பட்டுவிடும். முடியும் தருணத்தை ‘செஷன் ஸ்டேட்’ என்ற தற்காலிகக் கிடங்கில் போட்டு வைத்தால், அது எடிட்டரை மூடும்வரை இருக்கும். எடிட்டரின் ‘டைம் சின்ஸ் ஸ்டார்ட்அப்’ கடிகாரமும் எடிட்டர் திறந்ததிலிருந்து எண்ணுவது, கம்பைலால் கலங்காது. கவுன்ட்டவுன் விட்ட இடத்திலிருந்து அல்ல, இருக்க வேண்டிய இடத்திலிருந்து தொடரும்.

அந்தக் கடிகாரத்தின் மதிப்பை மட்டும் தயவுசெய்து ஃப்ளோட்டில் (32 பிட் தசம எண்) அடைக்காதீர்கள். அது டபுளாக (64 பிட் தசம எண்) வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ளோட்டில் துல்லியத்துக்கு 24 பிட்தான் இடம். எண் பெரிதாக ஆக, அடுத்தடுத்த எண்களுக்கிடையே இடைவெளியும் பெரிதாகும். ஒரு நாள், அதாவது 86,400 நொடி கடந்த பிறகு, ஃப்ளோட்டின் இரண்டு அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய 7.8 மில்லிநொடி. நான்கு நாள் ஆனால் 31 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமின் ஒரு ஃபிரேமைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கேமை யாரும் நான்கு நாள் தொடர்ந்து ஓட்டமாட்டார்கள். எடிட்டரை வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம்.

எந்தக் கடிகாரத்தை நம்புவது என்பது இன்னொரு முடிவு. கேமின் நேரம், டைம் ஸ்கேல் (நேரம் ஓடும் வேகம்) பூஜ்யமானால் நின்றுவிடும். ஸ்லோ மோஷனில் மெதுவாகும். ஸ்கேல் ஆகாத நேரம் அதைக் கண்டுகொள்ளாது. எடிட்டரின் கடிகாரம் பாஸ் பட்டனையே கண்டுகொள்ளாது. ஆட்டத்தின் சுற்று நேரம் என்றால் கேமின் நேரம்தான் சரி. தானாகச் சேமிக்க இன்னும் இவ்வளவு நேரம் என்று காட்டும் கருவி என்றால் எடிட்டரின் கடிகாரம். பிரேக்பாயின்ட் வைத்து டீபக் செய்யும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு வரியில் இரண்டு நிமிடம் நின்று யோசித்துவிட்டு ஓட விட்டால், கேமின் நேரம் அதிகபட்சம் மூன்றில் ஒரு நொடிதான் நகரும், ஏனென்றால் யூனிட்டியில் ஒரு ஃபிரேமின் டெல்டா டைமுக்கு இயல்பாகவே அந்த உச்சவரம்பு இருக்கிறது. எடிட்டர் கடிகாரத்தை நம்பிய டைமர் இரண்டு நிமிடத்தையும் ஒரேயடியாக விழுங்கியிருக்கும்.

மற்ற எஞ்சின்களில் கதை கொஞ்சம் மாறும். யூனிட்டியில் பிளே மோட் எடிட்டரின் அதே பிராசஸுக்குள் (ஓடும் நிரலுக்குள்) ஓடுகிறது. அதனால் இன்ஸ்பெக்டர் நேராக எட்டிப் பார்க்க முடிகிறது. கோடோவில் கேம் இயல்பாகத் தனிப் பிராசஸாக ஓடும். எடிட்டரில் நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் டைமர் நோடும் ஓடிக்கொண்டிருக்கும் டைமரும் வேறு வேறு. ஓடும் நோடைப் பார்க்க சீன் பேனலில் ரிமோட் பக்கத்துக்குப் போக வேண்டும். அழகாக வடிவமைத்த எண்ணை எடிட்டர் பேனலில் காட்டத்தான் வேண்டும் என்றால், டீபக்கர் வழியாகக் கேமிலிருந்து செய்தி அனுப்பி, எடிட்டர் பக்கத்தில் ஒரு டீபக்கர் பிளகின் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்டின் தலையில் ‘டூல்’ என்று போட்டால் எடிட்டருக்குள்ளேயே ஓடுமே என்பார்கள். ஓடும்தான். சீனைத் திறந்து வைத்த மாத்திரத்திலேயே உங்கள் டைமர் குறைய ஆரம்பித்து, அந்தக் குறைந்த மதிப்பு எக்ஸ்போர்ட் செய்த (எடிட்டரில் தெரியும்படி வைத்த) மாறியில் இருந்தால் சீனோடு சேர்ந்து சேமிக்கப்பட்டும் விடும். எடிட்டரில் இருக்கிறோமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

அன்ரியல் எஞ்சினில் பிளே அழுத்தியதும் உலகம் முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. டீடெய்ல்ஸ் பேனலில் நீங்கள் பார்ப்பது பழைய உலகத்து ஆக்டராக (உலகத்தில் வைத்த பொருளாக) இருந்தால் எண் அசையவே அசையாது. ஓடும் உலகத்து ஆக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று, டைமர் மேனேஜரிடம் மீதி நேரம் கேட்டால், அந்த டைமர் இல்லாதபோது -1 என்று பதில் வரும். அதை அப்படியே வடிவமைத்துக் காட்டுவதைவிட ஒரு வெறும் கோடு போட்டுக் காட்டுவது நல்லது.

வடிவமைப்புக்கு வருவோம். எல்லோரும் கடைசி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் பகுதி இது. நான் அதிகம் நேரம் செலவிட விரும்பும் பகுதியும் இதுதான்.

மீதி 119.7 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ஆல் வகுத்து, கீழ்நோக்கி முழுமையாக்கினால் 1 நிமிடம். மிச்சம் 59.7. அதை இரண்டு இலக்கமாகக் காட்டு என்று யூனிட்டியின் நிரல் மொழியான சி ஷார்ப்பிடம் சொன்னால், அது கடமையாக அருகிலுள்ள முழு எண்ணுக்கு உயர்த்தி 60 என்று எழுதும். திரையில் 1:60. அரை நொடிதான் நிற்கும், ஆனால் பார்த்தவர் மறக்கமாட்டார். நிமிடத்தையும் நொடியையும் தனித்தனியாக முழுமையாக்குவதால் வரும் வினை இது. முதலில் மொத்த நொடியை ஒரு முழு எண்ணாக்கிவிட்டு, அதற்குப் பிறகு மட்டும் 60ஆல் வகுத்து ஈவும் மீதியும் எடுத்தால் 1:60 பிறக்கவே வாய்ப்பில்லை.

அந்த முழு எண்ணை மேல்நோக்கி எடுப்பதா கீழ்நோக்கி எடுப்பதா? கீழ்நோக்கி எடுத்தால் தொடங்கிய கணமே 3:00 போய் 2:59 வந்துவிடும். முடிவில் 0:00 என்று காட்டிக்கொண்டே ஒரு முழு நொடி ஆட்டம் தொடரும். ஆடுபவர் ‘நேரம்தான் முடிந்துவிட்டதே’ என்று கையை எடுத்துவிடுவார். மேல்நோக்கி எடுத்தால் 3:00 ஒரு முழு நொடி நிற்கும், 0:01 ஒரு முழு நொடி நிற்கும், 0:00 தோன்றும் கணமும் ஆட்டம் முடியும் கணமும் ஒன்றாகும். கவுன்ட்டவுனுக்கு மேல்நோக்கித்தான் என்பது என் தீர்ப்பு, ஸ்டாப்வாட்ச்சுக்குக் கீழ்நோக்கி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஃப்ளோட் கணக்கில் எப்போதாவது 60.0005 போல ஒன்று வந்துவிட்டால் மேல்நோக்கிய முழுமையாக்கல் அதை 61 ஆக்கி, ஒரு ஃபிரேம் மட்டும் 1:01 என்று மினுக்கிக் காட்டும். முழுமையாக்குவதற்கு முன் ஆயிரத்தில் ஒரு நொடியைக் கழித்துவிட்டால் போதும்.

சி ஷார்ப்போடு வரும் டாட்நெட் நூலகத்தில் கால அளவைக் கையாளும் டைம்ஸ்பேன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டைம்ஸ்பேன் நல்லதுதான், ஆனால் அதன் நிமிடக் குறியீடு மொத்த நிமிடத்தைத் தருவதில்லை; மணி போக மிச்சமிருக்கும் நிமிடத்தைத் தருகிறது. 75 நிமிட டைமரை நிமிடம்:நொடி என்று மட்டும் வடிவமைத்தால் 15:00 என்று காட்டும். நடுவில் போடும் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு வேண்டும், இல்லாவிட்டால் எக்செப்ஷன், அதாவது ஓடும்போதே பிழை. நொடியின் பின்னத்தையும் அது கீழ்நோக்கி வெட்டிவிடும். ஆக மேல்நோக்கி முழுமையாக்கிவிட்டுத்தான் அதனிடம் கொடுக்க வேண்டும்.

கடைசி நொடிகளில் பத்தில் ஒரு பங்கையும் காட்டலாமா? கூடைப்பந்தில் ஆட்டக் கடிகாரம் ஒவ்வொரு பகுதியின் கடைசி நிமிடத்தில் மட்டும் நொடியின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். அதற்கு முன்பு காட்டினால் யாருக்கும் பயனில்லை, வெறும் பதற்றம்தான். கேமிலும் அதேபோல் கடைசி 10 நொடியில் மாற்றினால் நன்றாக இருக்கும். அந்த இடத்திலும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். இல்லையென்றால் 0:11 என்பதிலிருந்து நேராக 9.9க்கு மாறி, அந்த இடத்தில் ஒரு சின்னத் தாவல் தெரியும்.

தோற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். பல எழுத்துருக்களில் 1 என்ற இலக்கம் மற்றவற்றைவிட ஒல்லி. நடுவில் வைத்த டைமர் 1:11இலிருந்து 1:10க்குப் போகும்போது முழு எண்ணும் இடவலமாக ஆடும். எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துரு போதும். யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் எழுத்துருவை மாற்றாமலேயே சம அகலம் கொடுக்கும் டேக் ஒன்று இருக்கிறது. எடிட்டரில் இன்னும் எளிய வழி ப்ரோக்ரஸ் பார்: பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை ஒரு மதிப்பும் மேலே எழுத ஒரு வாசகமும் கொடுத்தால் பட்டையும் எண்ணும் சேர்ந்தே வரும். ஓரக்கண்ணால் பார்த்தாலே பாதி தாண்டியது தெரியும்.

இதுவரை ஓடும் டைமரைப் பற்றித்தான் பேசினேன். ஓடாத டைமரும் எடிட்டரில் முக்கியம். லெவல் வடிவமைப்பவர் இன்ஸ்பெக்டரில் பார்ப்பது 5400 என்ற ஒரு மொட்டை எண். அது ஒன்றரை மணி நேரம் என்று ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட வேண்டும். ஒரு ப்ராப்பர்ட்டி டிராயர் (இன்ஸ்பெக்டரில் ஒரு மதிப்பு தோன்றும் விதத்தை மாற்றும் நிரல்) எழுதி 1:30:00 என்று காட்டி, அதே வடிவத்தில் தட்டச்சு செய்யவும் விட்டால் அவர் உங்களை வாழ்த்துவார். முக்காற்புள்ளியால் பிரித்து, வலது ஓரத்தில் இருப்பது எப்போதும் நொடி என்று ஒரே விதி வைத்தால் போதும். 90 என்று அடித்தால் 1:30, 1:30 என்று அடித்தாலும் 1:30. ஆனால் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பை மாற்றாதீர்கள். 1 என்று அடித்ததுமே அது 0:01 ஆகி கர்சருக்கு அடியிலிருந்து எழுத்து ஓடிவிடும். எண்டர் அழுத்தும்வரை காத்திருக்கும் டிலேய்டு ஃபீல்டு இதற்காகவே இருக்கிறது. சேமிப்பது மட்டும் எப்போதும் நொடிதான். 1:30:00 என்ற வாசகத்தை ஒருபோதும் சேமிக்காதீர்கள்.

ஓடும் மீதி நேரத்தையும் சேமிக்காதீர்கள். தரவைத் தனிக் கோப்பாக வைக்கும் ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்டில் மீதி நேரத்தை வைத்து அதையே குறைத்துக்கொண்டு போனால், சீனில் இருக்கும் பொருள்களைப்போல அது பிளே மோட் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பாது. அடுத்த முறை ஆட்டம் 0:00இல் தொடங்கும்.

கடைசியாக, பூஜ்யத்துக்குப் பிறகு என்ன? கேமுக்குள் ஆடுபவருக்கு 0:00க்குக் கீழே எதையும் காட்டக்கூடாது. மீதி எதிர்மறையானால் பூஜ்யத்தில் நிறுத்திவிட வேண்டும். அப்படி நிறுத்தாமல் டைம்ஸ்பேனிடம் கொடுத்தால், நீங்களே தரும் வடிவத்தில் அது கழித்தல் குறியை எழுதாது. -7 நொடியும் 00:07 என்றே வரும், பூஜ்யத்தைத் தொட்ட கடிகாரம் ஏற ஆரம்பித்ததுபோல் இருக்கும். எடிட்டரில் எனக்கு அந்த ஏற்றம் வேண்டும், குறியோடு. நேரம் முடிந்ததும் நடக்க வேண்டிய காரியம் எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தால், எத்தனை நொடி தாமதம் என்பதை இன்ஸ்பெக்டர் சிவப்பில் +0:07 என்று எழுதிவிடும். ஸ்டாப்வாட்ச் விதிப்படி இந்தப் பக்கம் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஜ்யத்தைத் தாண்டிய முதல் கணத்திலேயே +0:01 வந்து, இல்லாத தாமதத்துக்குப் பழி சொல்லும்.